பாலும் கொன்றை மாலையும்

கோயில் சிற்பங்களைப் பென்சிலால் வரைவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். குடும்பத்தோடு எந்தத் தலத்துக்குச் சென்றாலும், தரிசனம் முடிந்தபின் ஒரு மணி நேரத்தை எனக்கென்று விட்டுவிட்டு, பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு பிராகார நிழலில் உட்கார்ந்துவிடுவாள் என் மனைவி. திருமணமான புதிதில் ஏற்பட்ட இந்த ஏற்பாடு, மகனுக்கு எட்டு வயதும் மகளுக்கு ஐந்து வயதும் ஆன பின்னரும் மாறவில்லை. வரைவது எனக்கு வழிபாட்டின் ஒரு பகுதி. கண்ணால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும் உருவத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்கச் செய்வது அந்தப் பென்சில்தான்.

கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியை, அதாவது சண்டேசர் என்ற அடியாருக்குச் சிவன் அருளும் சிற்பத்தை, வரைய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சென்ற தை மாதத்தில் அது கூடிவந்தது. சனிக்கிழமை இரவு கும்பகோணத்தில் தங்கி, ஞாயிறு காலை திருப்பனந்தாள் வழியாக அணைக்கரைக்கு வந்து கொள்ளிடத்தைக் கடந்தோம். 1836-இல் அங்கே கீழணை கட்டப்பட்டபோது, சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்து வந்து அதற்குப் பயன்படுத்தினார்கள். அணையைக் கடக்கும்போது மகனிடம் இதைச் சொன்னேன். "அப்ப சாமி வீட்டுச் சுவர் மேலயா போறோம்?" என்று கேட்டவன், காலில் இருந்த செருப்பைக் கழற்றி வண்டியின் ஓரமாக வைத்தான். அவன் அப்படிப்பட்ட பிள்ளை. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

தஞ்சையில் இராசராசன் எழுப்பிய பெரிய கோயிலை ஆண்மைக்கும், அவன் மகன் இராசேந்திரன் எழுப்பிய இந்தக் கோயிலைப் பெண்மைக்கும் ஒப்பிட்டுச் சொல்வார்கள். 170 அடிக்கு மேல் உயர்ந்த விமானம் நேர்கோட்டில் ஏறாமல், உள்வாங்கி வளைந்து மேலே செல்வதைப் பார்த்தால் அந்த ஒப்பீட்டின் பொருத்தம் விளங்கும். கங்கை வரை படை செலுத்தி வென்ற மன்னன், தந்தையின் தலைநகரை விட்டுவந்து புதிதாக ஒரு நகரம் கண்டான். ஆனால் இறைவனுக்குத் தந்தை எழுப்பிய கோயிலின் உயரத்தை மிஞ்சாமல் நிறுத்திக்கொண்டான். அது மரியாதையினால்தான் என்று நான் நம்புகிறேன்.

கருவறையில் பிரகதீசுவரர் இருட்டுக்குள் மலைபோல் எழுந்து நிற்கிறார். குருக்கள் தீபத்தை உயர்த்தியபோது ஒளி லிங்கத்தின் பாதி வரைதான் சென்றது. மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரம் ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றாமல் நின்றுவிட்டு வெளியே வந்தோம்.

மகாமண்டபத்தின் வடபுறப் படிக்கட்டை ஒட்டி, ஒரு பக்கம் ஞான சரசுவதி அமர்ந்திருக்கிறாள். மறுபக்கம் நான் தேடி வந்த சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவபெருமான் உமையோடு அமர்ந்திருக்கிறார். பின்னிரு கைகளில் மழுவும் மானும். காலடியில் இளைஞன் ஒருவன் கைகூப்பித் தலைதாழ்த்தி இருக்கிறான். பெருமான் தம் முன்னிரு கைகளாலும் ஒரு கொன்றை மாலையை எடுத்து அவன் தலையில் சுற்றிக் கட்டுகிறார். சிற்பிகள் பொதுவாக அருளும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். இங்கேயோ அருள் ஒரு வேலையாகவே நடந்துகொண்டிருக்கிறது. குளித்துவிட்டு வந்த பிள்ளையின் தலையைத் துவட்டும்போது அப்பாவின் கைகள் எப்படி வளையுமோ அப்படி வளைந்திருக்கின்றன அந்தக் கைகள். இராசேந்திரன் தன்னையே சண்டேசராக எண்ணி இதைச் செதுக்கச் செய்தான் என்று கருதுவோரும் உண்டு. எனக்கு அரசன் நினைவே வரவில்லை. பிள்ளையின் தலையும் பெற்றவரின் கைகளுமே கண்ணில் நின்றன.

முதலில் மாலையின் வளைவை வரைந்துகொண்டேன். அதற்குள் பிள்ளைகள் இருவரும் என்னிடம் வந்துவிட்டார்கள். "இந்த அண்ணனுக்கு ஏன்ப்பா சாமி பூச்சுத்துறாரு?" என்று மகள் கேட்டாள். பக்கத்தில் சிறு புடைப்புச் சிற்பங்களாகக் கதை முழுவதும் இருக்கிறது. அதைக் காட்டியே சொல்லத் தொடங்கினேன்.

மண்ணியாற்றங்கரையில் சேய்ஞலூரில் எச்சதத்தன் என்ற அந்தணருக்கு மகனாகப் பிறந்தவர் விசாரசருமர். பின்னாளில் சண்டேசர், சண்டிகேசுவரர் என்று பெயர் பெற்றவர் இவர்தான். ஒருநாள் மாடு மேய்ப்பவன் ஒரு பசுவைக் கோலால் அடித்ததைக் கண்டு மனம் பொறுக்காமல், இனி நானே மேய்க்கிறேன் என்று ஏற்றுக்கொண்டார். அவர் மேய்க்கத் தொடங்கியபின் பசுக்கள் தாமாகவே பால் சொரிந்தன. ஆற்று மணலைக் கூட்டி ஆத்தி மரத்தடியில் ஒரு லிங்கம் அமைத்து, அந்தப் பாலைக் கொண்டு அபிடேகம் செய்தார். உரியவர்களுக்குக் கறக்கும் பாலில் ஒரு துளியும் குறையவில்லை. ஆனாலும் கண்டவன் ஒருவன் போய், பிள்ளை பாலை மணலில் கொட்டி வீணாக்குகிறான் என்று ஊராரிடம் சொல்ல, அவர்கள் எச்சதத்தனை அழைத்துக் கடிந்துகொண்டார்கள். அவர் மறுநாள் மகனுக்குத் தெரியாமல் பின்னே சென்று, குராமரத்தில் ஏறி மறைந்திருந்து பார்த்தார். பார்த்ததும் சினம் மூண்டு, இறங்கி வந்து, கோலால் முதுகில் அடித்தார். பூசையில் ஒன்றியிருந்த பிள்ளைக்கு அந்த அடி உறைக்கவில்லை. அதன்பின் காலால் பாற்குடத்தை...

அந்த இடத்தில் எனக்குக் குரல் எழும்பவில்லை.

பொங்கலுக்கு முன்பு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் பால் தம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுகிறான், ஒரு நிமிடத்தில் காலித் தம்ளரோடு திரும்பி வருகிறான், உடம்போ தேறவில்லை, என்னவென்று பாருங்கள் என்று என் மனைவி சொன்னாள். அலுவலகத்தில் ஒரு வேலை தவறிப்போய் நான் எரிச்சலில் இருந்த நாட்கள் அவை. மறுநாள் காலை துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். மகன் வந்தான். மாடிப்படியின் அடியில் ஒரு பூனை மூன்று குட்டிகளைப் போட்டிருந்தது. எங்கள் வீட்டுப் பழைய அலுமினியக் கிண்ணத்தில் பாலை ஊற்றிவிட்டு, குட்டிகள் நக்கிக் குடிப்பதைக் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெளிப்பட்டு, காசு கொடுத்து வாங்குகிற பாலை இப்படியா வீணாக்குவது என்று கத்தி, முதுகில் ஓர் அடி வைத்தேன். அவன் திரும்பாமல் கிண்ணத்தைக் கையால் மறைத்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டதில் கிண்ணம் கவிழ்ந்தது. பால் சிமெண்டுத் தரையில் ஓடியது. அவன் அழவில்லை. உள்ளே போய்ப் பள்ளிக்குப் புறப்பட்டான். அதன்பின் மூன்று வாரங்கள் பாலைச் சமையலறையில் என் கண் எதிரிலேயே நின்று குடித்து, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனான். நான் அதைக் கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அவன் கொடுத்தது தன் பங்குப் பாலை. வீட்டுக் கணக்கில் ஒரு துளியும் குறையவில்லை. இத்தனை ஆண்டுகளாகப் படித்தும் பிறருக்குச் சொல்லியும் வந்த கதை என் கொல்லைப்புறத்தில் நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியாமல் போனது. கல்லில் எச்சதத்தன் வெட்டுண்ட காட்சியைப் பலமுறை வெறும் வடிவமாகப் பார்த்திருக்கிறேன். நான் நிற்கும் இடம் அதுதான் என்று அன்று தெரிந்தது.

"குடத்தை எட்டி உதைச்சாரு" என்று முடித்தது மகன். அவனுக்குக் கதை முன்பே தெரியும், பாட்டி சொல்லியிருக்கிறாள். மீதியை அவனே தங்கைக்குச் சொன்னான்: கீழே கிடந்த கோலை விசாரசருமர் எடுக்க அது மழுவாக மாறியதையும், குடத்தை உதைத்த கால் துணிக்கப்பட்டதையும், பெருமான் உமையோடு எழுந்தருளியதையும். "அடுத்த தாதை இனி உனக்கு நாம்" என்று இறைவன் அருளியதாகப் பெரிய புராணம் கூறும் சொல்லை மட்டும் நான் சொன்னேன். சொல்லும்போது மகனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெற்றவன் தவறியதால் காலியான இடத்தில் தெய்வம் தானே வந்து உட்கார்கிறது என்பது பக்தனுக்கு ஆறுதல். தகப்பனுக்கு அதைக் கேட்க நெஞ்சம் நடுங்கும்.

சற்று நேரம் கழித்து மகன் கேட்டான்: "அந்த அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அவரும் சிவலோகம் போயிட்டாரு. பிள்ளை கையால தண்டனை கிடைச்சதால பாவம் தீர்ந்துபோச்சு."

"அப்ப சரி" என்று சொன்னவன், என் நோட்டில் பாதி வரைந்திருந்த மாலையைக் குனிந்து பார்த்துவிட்டு, "கையைச் சின்னதாப் போட்டுட்டீங்க" என்றான். அவன் சொன்னது உண்மை. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மூன்று வாரத்தில் என் படத்தைப் பற்றி அவன் என்னிடம் சொன்ன முதல் பேச்சு அது. அங்கேயே மண்டியிட்டு, அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று அவனிடம் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். என் மனைவி அருகில் வந்து ஒன்றும் கேட்காமல் நின்றுகொண்டாள்.

விமானத்துக்கு வடபுறம், அந்தப் படிக்கட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே சண்டிகேசுவரர் சன்னிதி இருக்கிறது. கோயில் நிலங்களைக் கொடுப்பதும் வாங்குவதும் சண்டேசுவரர் பெயரால் நடந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சிவன் சொத்துக்கு அவரே பொறுப்பாளர். பாலை வீணாக்குகிறான் என்று ஊர் பழித்த பிள்ளையை அழைத்து இறைவன் தன் செல்வம் முழுவதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்பதை அங்கே நின்றபோதுதான் எண்ணிப் பார்த்தேன். உடுத்த துணியிலிருந்து நூலைப் பிய்த்துப் போடுவதும், ஓங்கிக் கைதட்டுவதும் முறையல்ல என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோயிலிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று இரு கைகளையும் மெல்லத் துடைத்துக் காட்டினால் போதும். பிள்ளைகள் இருவரும் கையைக் காட்டினார்கள். நானும் காட்டினேன். கிண்ணத்தைக் கவிழ்த்த கையும் அதில் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு எங்கே போவது?

சிங்கமுகக் கிணற்றைப் பார்த்துவிட்டுப் புறப்படும்போது, இந்தக் கதை நடந்த இடம் எது என்று மகன் கேட்டான். திருப்பனந்தாளுக்கு அருகே திருவாப்பாடி என்றேன். காலையில் அந்த வழியாகத்தான் வந்திருந்தோம். திட்டத்தில் இல்லாததால் நிற்கவில்லை. திரும்பும் வழியில் போகலாமா என்று அவன் கேட்டபோது ஊர் திரும்பும் நேரத்தை நான் கணக்கிடவில்லை. திருப்பனந்தாளில் கடைத்தெருவில் விசாரித்து, ஒரு வீட்டில் அப்போது கறந்த பசும்பால் அரை லிட்டர் வாங்கினோம். செம்பை மகன் மடியில் வைத்துக்கொண்டான். வண்டி குலுங்கும்போதெல்லாம் மேலே கையை வைத்து மூடினான். என் மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருவாப்பாடி சிறிய கோயில். அப்பர் பாடிய தலம். தலமரம் ஆத்தி. அம்பாள் பெரியநாயகி. இறைவனின் பெயர் பாலுகந்தநாதர், பாலை விரும்பி ஏற்றவர். சோழபுரத்து வானளாவிய விமானத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, மாலை வெயில் சாய்ந்த அந்தச் சிறு கோயில் வீடு போல இருந்தது. எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆற்றங்கரையில் மணலைக் கூட்டி விளையாடிய ஒரு பிள்ளையின் பக்தியிலிருந்து தொடங்கியதுதான், அங்கே மன்னன் கல்லில் செதுக்கி வைத்தது.

சாயங்கால அபிடேகத்துக்குக் குருக்கள் வந்தார். மகன் முன்னால் போய்ச் செம்பை இரு கைகளாலும் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு, யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். எந்தக் கோயிலிலும் பிள்ளைகளின் பெயரைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். என் மனைவி வாய் திறப்பதற்குள் மகன் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னான்.