அயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே என் பள்ளிக் காலம்

நமது கல்லூரியில் ஏழாம் வகுப்பை முடித்த கையோடு 1978 ஆம் ஆண்டில் நான் குடும்பத்துடன் இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றதை அறிந்த பழைய மாணவியர் பலர், நான் நியூயோர்க்கிலோ சிக்காகோவிலோ வளர்ந்ததாகவே இன்றும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உண்மையில் என் பதின்ம வயது முழுவதும் அயோவா மாநிலத்தில், அறுநூறு பேர்கூட இல்லாத ஓர் உழவர் கிராமத்திலேயே கழிந்தது. 1965 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பின்னர், உள்நாட்டு வைத்தியர்கள் போகத் தயங்கிய சிற்றூர் வைத்தியசாலைகள் பலவற்றில் ஆசிய நாட்டு வைத்தியர்கள் பணிக்கு அமர்ந்தனர். அப்பாவும் அவர்களுள் ஒருவர். விடுதி நினைவுகளை எழுதப் பலர் இருப்பதால், மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது அந்தக் கிராமத்தைப் பற்றியே எழுதுவதென்று தீர்மானித்தேன்.

ஒழுங்கைகள் வளைந்து நெளிந்து செல்லும் ஊரில் பிறந்த எனக்கு அங்கே முதலில் பிடிபடாதது நிலத்தின் கணக்குத்தான். வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் மைலுக்கு ஒன்றாகக் கிரவல் வீதிகள் நூல் பிடித்தாற்போல ஓடின. 1785 ஆம் ஆண்டின் நிலச் சட்டம் வகுத்த முறைப்படி, ஆறு மைல் சதுரமான ஒவ்வொரு நிலப்பகுதியும் 36 பிரிவுகளாகவும், ஒவ்வொரு பிரிவும் 640 ஏக்கராகவும் அளக்கப்பட்டிருந்தது. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்னும் நம்மவர் கணக்கில் ஒரு பிரிவு 10,240 பரப்பு. நாலு பரப்புக் காணிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் நம் ஊரவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த 36 பிரிவுகளில் 16 ஆவதைப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்புக்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்தார்கள் என்பதை எங்கள் வரலாற்று ஆசிரியை மிகுந்த பெருமையோடு கற்பித்தார். ஊர் என்று சொல்வதற்கு ஒரு பெரிய வீதி, வங்கி, தபாலகம், இரண்டு தேவாலயங்கள், புகையிரதப் பாதையோரம் உழவர் கூட்டுறவுச் சங்கத்தின் உயர்ந்த தானியக் கோபுரம் ஆகியவையே இருந்தன.

பதினான்கு வயதானதும் அவ்வூர்ப் பிள்ளைகள் யூலை மாதத்தில் செய்யும் முதல் கூலி வேலை, விதைச் சோளத்தின் ஆண் பூவைப் பிடுங்குவது. இரு வேறு இனங்களைக் கலந்து ஒட்டுவிதை உண்டாக்கும் வயலில், பெண் வரிசைகள் நான்கோ ஆறோ நட்டு அவற்றுக்கு அருகே ஆண் வரிசையை நடுவார்கள். பெண் வரிசைகளில் உச்சியில் தோன்றும் பூக்கொத்து மகரந்தம் உதிர்க்குமுன் அதை இழுத்துக் கழற்றிவிட்டால், கதிர்களில் ஆண் வரிசையின் மகரந்தமே படியும். ஆண் பூ மலட்டுத்தன்மையுடைய ஓர் இனத்தைப் பயன்படுத்தி இவ்வேலையை ஒருகாலத்தில் பெருமளவு தவிர்த்திருந்தனர். ஆனால் 1970 ஆம் ஆண்டில் இலைக்கருகல் நோய் அந்த இனத்தையே பற்றிக்கொண்டு நாட்டின் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தை அழித்துவிட்டதால், மீண்டும் சிறுவர்களின் கைகளை நாட வேண்டியதாயிற்று. அந்த நோய் வராதிருந்தால் என் முதற் சம்பளம் எனக்குக் கிடைத்திராது.

விடியற்காலையில் பஸ் எங்களை ஏற்றிச் சென்று வயலோரத்தில் இறக்கும்போது சோளத்தாள்களில் பனி சொட்டிக்கொண்டிருக்கும். குப்பை போடும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைகளுக்கும் துளையிட்டு அணிந்துகொண்டு வரிசைக்குள் நுழைந்தாலும், அரை மணி நேரத்தில் சப்பாத்துவரை நனைந்துவிடும். பத்து மணிக்கு மேல் காற்றே புகாத புழுக்கம். கழுத்திலும் முன்கையிலும் இலை அறுத்த இடமெல்லாம் வியர்வை பட்டு எரியும். “டொக்டரின்ர பிள்ளை கூலிக்குப் போறதோ?” என்று அம்மா பெரிதாகத் தடுத்தார். வங்கி முகாமையாளரின் மகளும் அதே பஸ்ஸில்தான் வருகிறாள் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “போகட்டும் விடும், ரெண்டு நாளில தானே திரும்பி வருவாள்” என்று அப்பா சொன்ன பிறகே விட்டார். அப்பாவின் கணிப்புப் பொய்த்தது. பள்ளிப் படிப்பு முடியும்வரை ஒவ்வொரு கோடையிலும் போனேன்.

விளையாட்டிலும் எனக்கு ஓர் எதிர்பாராத வசதி வாய்த்தது. அயோவாவில் அக்காலத்தில் பெண்கள் ஆடிய கூடைப்பந்தாட்டம் அணிக்கு அறுவர் ஆடுவது. எறிபவர் மூவரும் காப்பவர் மூவரும் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது, பந்தை இருமுறைக்கு மேல் தட்டவும் கூடாது. நமது கல்லூரி மைதானத்தில் வலைப்பந்து ஆடிப் பழகியவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெள்ளி இரவுகளில் ஊரே திரண்டு வந்து பெண்பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தது. பெண்களின் மாநிலப் போட்டிக்கு டி மொய்ன் நகரின் பெரிய அரங்கு நிரம்பி வழியும். 1993 இல் அந்த ஆட்டமுறை கைவிடப்பட்டது. அரை மைதானத்துக்குள் பெண்களை அடைத்த ஆட்டம் என்ற குறையில் நியாயம் உண்டு. ஆயினும் பெண்களின் விளையாட்டுக்கு அத்தனை கூட்டத்தை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

உயர்நிலை வகுப்புகளில் நான் படித்துக்கொண்டிருந்தபோதே ஊரின் நிலை சரியத் தொடங்கியது. எழுபதுகளில் தானிய ஏற்றுமதி பெருகியபோது, வேலியோரம்வரை விதையுங்கள் என்று அரசும், கடன் தருகிறோம் என்று வங்கிகளும் ஊக்கின. 1980 சனவரியில் சனாதிபதி கார்ட்டர் சோவியத் நாட்டுக்கான தானிய விற்பனைக்குத் தடை விதித்தார். அவ்வாண்டு இறுதியில் வங்கிகளின் அடிப்படை வட்டி 21.5 சதவீதத்தைத் தொட்டது. 1981 இல் ஏக்கருக்குச் சராசரி 2,147 டொலர் விலைபோன அயோவா நிலம் 1986 இல் 787 டொலருக்கு இறங்கியது. கையில் காசில்லாத நோயாளர்கள் அப்பாவின் கட்டணத்துக்கு ஈடாக அரைப் பன்றியை வெட்டிப் பொதிசெய்து கொண்டுவந்து தந்தனர்; சைவ வீட்டில் அதை வைத்துக்கொள்ள வழியின்றி, அவர்கள் மனம் நோகாதபடி அம்மா அதை இருட்டியபின் அடுத்த வீட்டுக்குக் கடத்துவார். என் தோழி ஒருத்தியின் பண்ணை ஏலத்துக்கு நானும் போயிருந்தேன். உழவு இயந்திரத்தை விற்றபோது அசையாமல் நின்ற அவளது தந்தை, வைக்கோல் வண்டியில் பரப்பிவைத்திருந்த குறடு, சுத்தியல்களை ஏலகாரர் பெட்டி பெட்டியாகக் கூறத் தொடங்கியதும் களஞ்சியத்தின் பின்புறம் போய்விட்டார்.

அன்றிரவு அப்பா இலங்கையில் எங்கள் ஊர் மிளகாய், வெங்காயச் செய்கையாளர்களைப் பற்றியே பேசினார். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் எழுபதுகளில் கல்வீடு கட்டியவர்கள், 1977 க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்து கடனாளியானார்கள். தலைநகரில் யாரோ இடும் ஒப்பத்தால் தோட்டக்காரன் வாழ்வதும் கெடுவதும் கொழும்புக்கு மட்டும் உரியதன்று என்பதை நான் படித்த இடம் அந்தக் கிராமம். பின்னாளில் நான் பொருளியல் கற்கப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பண்ணைகள் கைமாறியதும் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. பிள்ளைகள் குறைந்ததால் எங்கள் பள்ளிக்கூடம் அயலூர்ப் பள்ளியோடு இணைக்கப்பட்டது. புதிய பள்ளிக்கு எந்த ஊரின் பெயரை இடுவது என்று இரு ஊராரும் நெடுநாள் வாதாடி, இறுதியில் இரண்டையும் சேர்த்து வைத்தனர். எங்கள் ஊரின் பெயர் இரண்டாவதாக வந்தது. அதைப் பற்றி அவ்வூர் முதியவர்களிடம் இன்றும் பேச்செடுக்காதிருப்பது நல்லது.