கொற்கைக்குப் போனேன், கடலக் காணோம்

பாண்டிய ராஜாவோட துறைமுகம்னு ஸ்கூல் புக்ல படிச்சிருப்போம்ல, அந்தக் கொற்கைக்கு போன வாரம் பைக்க எடுத்துக்கிட்டு கிளம்பிட்டேன். போய்ப் பாத்தா வாழைத் தோட்டம், வயக்காடு, ரெண்டாயிரம் வருசம் இருக்கும்னு ஊர்ல சொல்ற ஒரு வன்னி மரம், அவ்ளோதான். கடல் எங்க அண்ணாச்சின்னு டீக்கடையில கேட்டா சிரிச்சிட்டே கிழக்க கையக் காட்டுறாரு, இன்னும் அஞ்சாறு கிலோமீட்டர் போகணுமாம்.

எல்லாம் தாமிரபரணி பாத்த வேலை. ஆறு காலங்காலமா மண்ணக் கொண்டாந்து கொட்டுனதுல கடல் விலகிட்டே போயிருக்கு, துறைமுகமும் அது பின்னாடியே போயிருக்கு. கொற்கை தூர்ந்ததும் பழையகாயல். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டு கடைசியில வந்து 'காயில்'னு எழுதுனது அந்தப் பக்கத்தத்தான், அரபு நாட்டுக் குதிரைங்க கப்பல் கப்பலா வந்து இறங்குன இடம். அதுக்கப்புறம் புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி.

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறைனு சும்மா பேரு வைக்கல, வந்தவன் எல்லாம் முத்துக்காகத்தான் வந்தான். இங்க ஒரு விஷயம், இந்தக் கரையில முத்துக்குளிச்சு, மீன் பிடிச்சுப் பொழைக்கிற பரதவங்கள பிரான்சிஸ் சவேரியார்ங்கிற பாதிரியார்தான் கிறிஸ்தவங்களா மாத்துனாருன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன். அவரு வந்ததே 1542ல. அதுக்கு முன்னாடியே, 1530கள்ல, முத்துக்குளிப்பு சம்பந்தமா முஸ்லிம் வியாபாரிகளோட தகராறு முத்திப்போய் இவங்க போர்ச்சுகீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டு, அப்படியே ஊர் ஊரா ஞானஸ்நானமும் வாங்கியாச்சு. அவரு வந்து ஜெபத்தையெல்லாம் தமிழ்ல சொல்லிக் குடுத்தாரு, அதுவும் லேசுப்பட்ட வேலையில்லதான். புன்னைக்காயல்ல இருந்த அண்டிரிக் அடிகளார்ங்கிற போர்ச்சுகீசியப் பாதிரியாரோட 'தம்பிரான் வணக்கம்' 1578ல கொல்லத்துல அச்சாச்சு, தமிழ் எழுத்துல அச்சான மொத புஸ்தகம்! 1658ல டச்சுக்காரன் தூத்துக்குடிய பிடிச்சான், அவன் புராட்டஸ்டண்ட், வேற சபை, ஆனா பரதவங்க தங்களோட கத்தோலிக்க பனிமய மாதாவ விடல.

முத்துக்குளிப்பு 1961ஓட நின்னுபோச்சு. சங்கு குளிக்கிறவங்க இன்னமும் இருக்காங்க. பெர்னாண்டோ, மச்சாடோனு பேருங்களும் இருக்கு.

மக்ரூனும் போர்ச்சுகீசியன் விட்டுட்டுப் போனதுதான்னு சொல்லுவாங்க. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்ளோதான் சாமான், ஆனா தூத்துக்குடி தாண்டுனா அந்தப் பக்குவம் வர மாட்டேங்குது. அரை கிலோ வாங்கிக் கட்டிட்டு வந்தேன், திருநவேலி வீட்டுக்கு வந்து பிரிச்சா கால் கிலோதான் இருக்கு. வழியில வல்லநாட்டுல வண்டிய நிப்பாட்டுனது தப்பு.