பேரனுக்குக் கிடையாது, மகளுக்கு உண்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தாத்தாவின் பழைய வீட்டைப் பற்றிய அரசுக் கோப்பின் நகலை வாங்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவர், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பப்பட்டார். அந்தக் காகிதங்களைக் கண்ணால் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

2000-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தை இங்கே ‘பாயா’ என்பார்கள். (எங்கள் வீட்டில் பாயா என்றால் ஆட்டுக்கால்.) படிவம் சுலபம். அலுவலகத்தில் அதை வாங்கிய அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இப்போது போப்பியா இருக்கிறது, யார் விவரமும் தர முடியாது” என்றார். தாத்தா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. போப்பியா என்பது தனிப்பட்ட விவரங்களைக் காக்கும் சட்டம்; அது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் என்றேன். சிரித்தார். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கணக்கு. எனக்கு 29-ஆம் நாள் மறுப்புக் கடிதமே வந்தது.

அதைப் படித்தபோதுதான் பாதித் தவறு என்னுடையது என்று புரிந்தது. பாயாவின் 34-ஆம் பிரிவு, இறந்து 20 வருஷம் தாண்டாதவருடைய அந்தரங்கத்தையும் காக்கிறது. நெருங்கிய உறவு கேட்டால் இந்தக் காரணம் சொல்லி மறுக்க முடியாது. ஆனால் துணைவர், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் என இவர்களில் ஒருவரும் இல்லாவிட்டால், தேடியும் அகப்படாவிட்டால்தான் பேரனுக்கு முறை வரும். என் அத்தையோ சாட்ஸ்வொர்த்தில் திடமாக இருக்கிறார்! அவர் சம்மதம் எழுதிக் கொடுத்தால் போதும்.

“எங்கப்பா காகிதத்துக்கு நான் யாரைடா கேக்கணும்?” என்று திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அப்புறமும் ஒரு நடை வீண். தாத்தாவின் இறப்புச் சான்றிதழில் ‘முனுசாமி’, அத்தையின் பிறப்புச் சான்றிதழில் ‘மூன்சாமி’. எந்தக் காலத்து குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ! இருவரும் ஒருவரே என்று போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் முத்திரை வாங்கினேன், அதற்குக் காசு கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் பெயர் இப்படிப் பிசகியிருந்தால் முதல் நாளே அதையும் கொண்டுபோங்கள். கொடுத்த எல்லாவற்றுக்கும் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். கோரிக்கையை மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான்.

கடைசியில் பதினொரு பக்கம் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்களின் பெயர்களை மட்டும் கறுப்பு அடித்திருந்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை, அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கறுப்புக் கோட்டிலும் விரலை வைத்து, இது கிணத்து வீடு, இது கோழி வளர்த்தவங்க என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார்.