மண் சாலைக்குப் பிறந்த வண்டி

2024ல் பிஎம்டபிள்யூ உலகம் முழுக்க விற்ற இருசக்கர வண்டிகள் 2,10,408. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பெரிய பாக்ஸர் எஞ்சின் (இரண்டு சிலிண்டர்கள் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும் எஞ்சின்) ஜிஎஸ், அதாவது மண் சாலையிலும் தார் ரோட்டிலும் ஓட்டச் செய்த வண்டி, என்று பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். 1980ல் இந்த வரிசையின் முதல் வண்டி ஆர் 80 ஜி/எஸ் வந்து, அடுத்த வருஷமே பிரெஞ்சு வீரர் யூபர் ஓரியோல் அதை ஓட்டி, சஹாரா பாலைவனத்தைக் கடக்கும் பாரிஸ்-டக்கார் பந்தயத்தை ஜெயித்தார், அங்கே தொடங்கிய காதல் இது.

வாங்குகிறவர்களில் பாதிப்பேர் தார் ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை என்று குறை சொல்கிறார்கள். இருக்கட்டுமே! நிமிர்ந்து உட்காரலாம், நீளமான சஸ்பென்ஷன் பள்ளத்தை விழுங்கிவிடும், பெட்டிகளை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்காது, இதெல்லாம் தார் ரோட்டிலும் வேண்டியதுதானே.

ஆனால் ஒன்று, இந்த வரிசையின் புதிய பெரிய வண்டி ஆர் 1300 ஜிஎஸ் 237 கிலோ, சீட் உயரம் 850 மில்லிமீட்டர். கால் தரையில் ஊன்றுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.