ஊசிக்கு முன்னாடி ஒரு ஸ்கேன்

பெரியப்பாவுக்கு ரத்தத்துல பி.எஸ்.ஏ. (ஆண்களுக்கு சிறுநீர்ப்பைக்கு கீழ இருக்கற புராஸ்டேட் சுரப்பிலேர்ந்து வர்ற ஒரு புரதம்) கூடியிருக்குன்னு ரிப்போர்ட் வந்ததிலேர்ந்து வீட்ல எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், கேன்சரா இல்லையா. அந்த ரத்த டெஸ்ட்டால அதுக்கு பதில் சொல்ல முடியாது. வயசானதுல புராஸ்டேட் பெருத்தாலும் பி.எஸ்.ஏ. ஏறும், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் ஏறும். கொஞ்சம் சதைய எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தாதான் உறுதியா தெரியும், பயாப்ஸி அதுக்குத்தான்.

இதப்பத்தி படிக்க ஆரம்பிச்சப்போ எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. ரொம்ப வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னா, ஆசனவாய் வழியா அல்ட்ராசவுண்ட் கருவிய விட்டு, புராஸ்டேட்ட பாகம் பாகமா பிரிச்சுக்கிட்டு 10, 12 இடத்துல ஊசி விட்டு சாம்பிள் எடுக்கறது. அல்ட்ராசவுண்ட்ல சுரப்பியோட உருவம் நல்லா தெரியும், ஆனா கட்டி பல நேரம் சுத்தி இருக்கற சதை மாதிரியேதான் தெரியும், அதனால ஊசிக்கு குறின்னு ஒண்ணு கிடையாது, பரவலா குத்திப் பாக்கறதுதான். முன்பக்கமா கட்டி இருந்தா பின்னாடிலேர்ந்து போற ஊசி அத தொடாமலே வந்துரலாம், ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைன்னு வரும், பி.எஸ்.ஏ. மட்டும் ஏறிட்டே போகும்.

இப்போ முதல்ல எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்துக்கு 1லேர்ந்து 5 வரைக்கும் பைராட்ஸ்னு ஒரு மார்க் போடறாங்க. 1, 2னா பெருசா கவலையில்ல, 4, 5னா ஊசி போட்டுப் பாத்தே ஆகணும், 3தான் ரெண்டுங்கெட்டான், அங்க பி.எஸ்.ஏ. எவ்ளோ, சுரப்பி எவ்ளோ பெருசு, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா எல்லாம் சேத்து பாப்பாங்க. 2017ல வந்த ப்ராமிஸ் ஆய்வுல 576 பேருக்கு எம்.ஆர்.ஐ., பழைய பயாப்ஸி ரெண்டையும் பண்ணி, சுரப்பி முழுக்க நெருக்கமா சாம்பிள் எடுத்த இன்னொரு பயாப்ஸியோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. ஆபத்தான கேன்சர்ல எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்த புடிச்சுது, பழைய முறை 48 சதவீதம். பாதிக்கு மேல கோட்டை விட்டிருக்கு! ஆனா எம்.ஆர்.ஐ. சும்மா பயமுறுத்தறதும் நிறைய, அதனால ஸ்கேன்ல புள்ளி தெரிஞ்சதுமே கேன்சர்னு முடிவு கட்டி அழ ஆரம்பிக்க வேண்டாம் (எங்க வீட்ல ஆரம்பிச்சாங்க).

எனக்கு அதவிட முக்கியமா பட்டது 2018ல வந்த ப்ரிசிஷன் ஆய்வு. 500 பேர்ல ஒரு பாதிக்கு பழைய முறை, இன்னொரு பாதிக்கு எம்.ஆர்.ஐ. பாத்து சந்தேகம் இருந்தா மட்டும் அந்த இடத்துல ஊசி. எம்.ஆர்.ஐ. குரூப்ல 28 சதவீதம் பேருக்கு ஊசியே போடல, அப்படியும் ஆபத்தான கேன்சர் 38 சதவீதம் பேருக்கு கிடைச்சுது, பழைய முறையில 26தான். தொந்தரவு பண்ணாத சின்ன கேன்சரோ 22 சதவீதத்துலேர்ந்து 9க்கு எறங்கிருச்சு. இந்தக் கடைசி நம்பரத்தான் யாரும் பேசறதில்ல. க்ளீசன் 6 (க்ளீசன்ங்கறது மைக்ரோஸ்கோப்ல பாத்து கேன்சரோட வீரியத்துக்கு போடற மார்க்) மாதிரி மெதுவா வளர்றது, பல நேரம் ஆயுசு முழுக்க சும்மாவே கெடந்திருக்கும், கண்டுபுடிச்சுட்டா மனசு கேக்காது, ஆபரேஷன், ரேடியேஷன்னு போயி, சிறுநீர் கசிவு, தாம்பத்ய பிரச்சனைன்னு அவதிப்படறவங்க உண்டு. தேவையில்லாதத தேடி எடுக்காம இருக்கறதும் ஒரு நல்ல டெஸ்ட்டோட வேலைதானே.

குறி வைக்கறதுல மூணு விதம் இருக்கு. டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்த மனசுல வச்சுக்கிட்டு அல்ட்ராசவுண்ட் பாத்து ஊசி போடறது, சாஃப்ட்வேர் வச்சு அந்த படத்த அல்ட்ராசவுண்ட் மேலயே பொருத்திக் காட்டற ஃப்யூஷன், அப்புறம் எம்.ஆர்.ஐ. மெஷின்குள்ளயே படுக்க வச்சு எடுக்கறது. பெரியப்பாவுக்கு ஃப்யூஷன், அதுவும் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்கற தோல் வழியா. மலக்குடல் வழியா போகாததால இன்ஃபெக்‌ஷன் பயம் கம்மி. யூரின்ல சில நாள் ரத்தம் வரலாம், விந்துல சில வாரம் கூட இருக்கும், இத முன்கூட்டியே சொல்லி வைக்கலன்னா மனுஷன் அரண்டு போயிருவார். காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலோ யூரின் அடைச்சாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போயிரணும்.

யாராவது நேரா பயாப்ஸின்னு சொன்னா, அதுக்கு முன்னாடி எம்.ஆர்.ஐ. எடுக்கலாமான்னு கேட்டுருங்க. ஊசி போட்ட அப்புறம் எடுத்தா உள்ள கசிஞ்ச ரத்தமே படத்த கொழப்பும், அது அடங்க சில வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும். பேஸ்மேக்கர் இருந்தாலோ கிட்னி பிரச்சனை இருந்தாலோ ஸ்கேன் புக் பண்ணும்போதே சொல்லிருங்க.