ஆளுக்கு 128 ஏக்கர்

கனடாவில் பூர்வகுடிகளின் நிலக் கோரிக்கைகளுக்குப் பழைய ஆவணங்களைத் தேடிக் கொடுப்பது என் வேலை. முதல் கோரிக்கையில் எனக்குக் கொடுத்த கேள்வி ஒன்றுதான்: குடிக்கென அரசு ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தை அளந்த வருஷத்தில் அந்தக் குடியில் எத்தனை பேர்?

1876-இல் கார்ல்டன் கோட்டையிலும் பிட் கோட்டையிலும் அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே கையெழுத்தான 6-ஆம் ஒப்பந்தம், ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்றது. அதாவது ஆளுக்கு 128 ஏக்கர். ஒரு தலை விட்டுப்போனால் அவ்வளவு நிலமும் போச்சு.

எண்ணுவதற்குக் கைகொடுப்பது பட்டுவாடாப் பட்டியல். வருஷா வருஷம் ஆளுக்கு 5 டாலர் கொடுத்தபோது எழுதி வைத்தது; ஒட்டாவா காப்பகத்தில், பூர்வகுடிகள் பற்றிய அரசுக் கோப்புகளான ஆர்ஜி 10 தொகுப்பில் இருக்கிறது. குடும்பத் தலைவருக்கு மட்டும்தான் பெயர். மற்றவர்கள் ஆண், பெண், சிறுவர், சிறுமியர் என்ற கட்டங்களில் வெறும் எண்கள். கிரீ மொழிப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அடுத்த வருஷம் அதே ஆள் வேறு எழுத்துக்கூட்டலில் வருவார். அப்படி ஒருவரை நான் இரண்டு பேராக எண்ணிவிட்டேன். பெயரை விட்டுவிட்டு, பணம் வாங்கக் குடும்பத்துக்குக் கொடுத்த டிக்கெட் எண்ணைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பு, அளந்த வருஷப் பட்டியலில் இல்லாதவர்களைக் கழித்துவிட்டது. கூட இருந்த மூத்த ஆய்வாளர் அடுத்த வருஷப் பட்டியலின் மைக்ரோஃபிலிம் சுருளை மாட்டி, கடைசிக் கட்டத்தைக் காட்டினார். மங்கிய எழுத்தில், ‘போன வருஷப் பாக்கி கொடுக்கப்பட்டது’. பாக்கி கிடைத்தது என்றால் போன வருஷமும் அந்தக் குடியின் ஆள்தானே! வேறு குடியோடு சேர்ந்து பணம் வாங்கவில்லையா என்று அக்கம்பக்கப் பட்டியல்களையும் பார்த்தேன். இல்லை. அந்த ஒரு வரியில் நாலு பேர், 512 ஏக்கர்.

எங்கே போயிருந்தார்கள் என்பது காகிதத்தில் இல்லை. ரிசர்வில் ஒரு பாட்டியிடம், முறைப்படி புகையிலை கொடுத்துவிட்டுக் கேட்டேன். காட்டெருமை தேடி எல்லை தாண்டி மொன்டானா பக்கம் போனார்களாம். அவர் பாட்டி சொன்ன கதை.

‘இத்தனை நாள் ஏன் நிலத்தைக் கேட்கவில்லை?’ என்று சிலர் கேட்பார்கள். 1927 முதல் 1951 வரை, அரசின் அனுமதியில்லாமல் இப்படிக் கோரிக்கைக்காக வக்கீலுக்குப் பணம் திரட்டுவதே குற்றம். அதற்கு மேல் நான் வாதாடுவதில்லை.

அறிக்கை போய்விட்டது. மூன்று வருஷத்துக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்கிறது 2008-ஆம் ஆண்டுச் சட்டம். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.