கடலுக்குக் கொடுத்துவிட்ட சிலைகள்

கான்குன் என்றாலே வெண்மணலும் வரிசையாக நிற்கும் உயரமான ஹோட்டல்களும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். 1970களில் சுற்றுலாவுக்கென்றே மெக்சிகோ அரசு திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய ஊர் அது. நானும் கணவரும் அங்கே போனதற்குக் காரணம் வேறு. எதிரே இருக்கும் இஸ்லா முஹேரெஸ் தீவுக்கு அருகே, கடலுக்கடியில் இருக்கும் மூசா என்ற சிற்பக் காட்சியகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

படகில் ஏறும் முன்பே ஒரு கண்டிப்பு. சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் கழுவிவிட்டு வாருங்கள், அதிலுள்ள ரசாயனம் பவளத்துக்கு ஆகாது என்றார் வழிகாட்டி. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் வெயிலுக்குப் போதும். சூரியனுக்குத் தோலைக் காட்டவென்றே மக்கள் வந்து குவியும் ஊரில் இப்படி ஒரு விதியை விட்டுக்கொடுக்காமல் கடைப்பிடிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கணவர் லைஃப் ஜாக்கெட்டுடன் நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்க்க, நான் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மான்சோனெஸ் என்ற அந்த இடத்தில் ஆழம் சுமார் எட்டு மீட்டர்தான். பாதி தூரம் இறங்கியதுமே கீழே தலைகள் தெரியத் தொடங்கிவிட்டன. ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். மணல்வெளியில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஆளுயரச் சிலைகள், கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் போல நெருக்கியடித்து நிற்கின்றன. பெரும்பாலானவர்களுக்குக் கண்கள் மூடியிருக்கின்றன. சிலர் முகத்தை மேலே தூக்கி வெளிச்சம் வரும் திசையை நோக்கி நிற்கிறார்கள்.

இந்தத் தொகுப்புக்குப் பெயர் ‘மௌனப் பரிணாமம்’. 400க்கும் மேற்பட்ட உருவங்கள். பிரிட்டிஷ் சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர், பக்கத்திலுள்ள புவேர்த்தோ மொரேலோஸ் என்ற மீனவ ஊரின் மக்களை நேரில் வரவழைத்து, அவர்கள் உடலிலேயே அச்செடுத்து வார்த்தவை. தெய்வங்களோ தலைவர்களோ அல்ல. சந்தையிலும் தெருவிலும் எதிர்ப்படும் மனிதர்கள். தங்கள் முகம் கடலடியில் நிற்கிறது என்பது தெரிந்தே அந்த ஊர்க்காரர்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்பதை நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஒரு பெண்ணின் எதிரே வெகுநேரம் இருந்தேன். இடது கன்னம் முழுவதும் கடற்பஞ்சு படர்ந்து, மூக்கும் கன்னமும் பிரியும் இடமே தெரியவில்லை. தோளிலிருந்து கடல்விசிறி என்ற விசிறி வடிவப் பவளம் ஒன்று முளைத்து நீரோட்டத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆழத்தில் சிவப்பு நிறம் மங்கிவிடும் என்பதால் எல்லாமே சாம்பலும் நீலமுமாகத் தெரிந்தது. வழிகாட்டி டார்ச் அடித்தார். கன்னத்தில் குங்குமச் சிவப்பு, கழுத்தில் ஊதா, நெற்றியில் மஞ்சள். அவளுடைய கைமடிப்பிலிருந்து ஒரு சின்ன மீன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

சிலையைக் காப்பாற்றுவதுதான் எல்லாக் காட்சியகங்களும் செய்கிற வேலை. இங்கே சிலையைக் கடலுக்கு ஒப்படைத்துவிட்டார்கள். சாதாரண சிமென்ட்டில் காரத்தன்மை அதிகம் என்பதால், பவளத்தின் இளம் உயிர்கள் எளிதில் ஒட்டும்படி காரம் குறைந்த தனிக் கலவையில் வார்த்திருக்கிறார்கள். வழுவழுப்பாக்காமல் சொரசொரப்பாக விட்டதும், மீன்கள் ஒளிய இடுக்குகள் வைத்ததும் அதற்காகத்தான். ‘மானுட யுகம்’ என்று பெயரிட்ட, சிமென்ட்டில் வார்த்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரும் இங்கே இருக்கிறது. எட்டு டன் எடை. முன்கண்ணாடி மேல் ஒரு சிறுவன் சுருண்டு படுத்திருக்கிறான். உள்ளே சிங்கி இறால்கள் குடியிருக்க அறைகள். பழைய பீட்டில் கார்களில் கடைசி வண்டி 2003இல் மெக்சிகோவின் புவேப்லா ஆலையிலிருந்துதான் வெளிவந்தது. இந்த நாட்டின் கடலுக்கு இதைவிடப் பொருத்தமான கார் கிடையாது.

ஆனால், கலையைவிட இதன் பின்னாலிருக்கும் யோசனைதான் என்னை அதிகம் கவர்ந்தது. இந்தக் கடல் 1996 முதல் தேசியப் பூங்கா. ஆண்டுக்கு ஏழரை லட்சம் பேர் வரை வந்து, பவளப்பாறைகளில் காலை வைத்தும் கையால் தொட்டும் நங்கூரத்தால் கீறியும் சேதப்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2005இல் வில்மா சூறாவளி வேறு. வராதீர்கள் என்று சொன்னால் ஊரின் பிழைப்பு போய்விடும். பூங்காவின் இயக்குநராக இருந்த ஹைமே கொன்சாலெஸ் கானோ, கூட்டத்தைத் தடுப்பதற்குப் பதிலாக வேறு பக்கம் திருப்பலாம் என்று 2009இல் டெய்லரோடு சேர்ந்து இதைத் தொடங்கினார். வெறும் மணலாகக் கிடந்த இடங்களில் சிலைகளை இறக்கினார்கள். நாம் சிலைகளைச் சுற்றி வரும் நேரத்தில் உண்மையான பவளத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. பயணிகளைத் திட்டாமல், அவர்களுடைய ஆசையையே கடலுக்கு உதவியாக மாற்றிய புத்திசாலித்தனத்துக்கு என் வணக்கம்.

புந்தா நிசுக் என்ற இடத்திலும் ஒரு பகுதி உண்டு. ஆழம் நான்கு மீட்டர்தான், ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழாய் போட்டு மேலிருந்தே பார்க்கலாம். நீச்சலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது போதும். என் மனம் மட்டும் மான்சோனெஸ் பக்கம்தான்.

அதே பயணத்தில் இரண்டாவது முறை இறங்கியது பக்கத்திலிருக்கும் இயற்கையான பவளத்திட்டில். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் நீளும் மெசோஅமெரிக்கப் பவளத்தொடரின் ஒரு நுனி அது. மூளைப் பவளங்கள் சில வெளுத்து, வெறும் எலும்பாக நின்றன. கல்பவளங்களின் திசுவையே அரிக்கும் நோய் ஒன்று 2018இல் இந்தக் கரைக்கு வந்தது. நூறாண்டு வளர்ந்த பவளத்தைக்கூடச் சில மாதங்களில் கொன்றுவிடுகிறது. பயணிகளின் கால்களைத் திருப்பிவிடச் சிலைகளால் முடியும். நோயையும் சூடேறும் நீரையும் அவற்றால் என்ன செய்ய முடியும்? சிலைகளைப் பார்த்த மகிழ்ச்சியோடு இந்த வருத்தமும் சேர்ந்தே வந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படகு பேசும்போதே இரண்டு இடத்திலும் இறக்குவார்களா என்று கேட்டுவிடுங்கள். சிலைகளை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பும் படகுகளும் உண்டு, கட்டணமும் குறைவு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அந்தப் பவளத்திட்டையும் பார்த்துவிடுங்கள். காலைத் தூக்கி, எதையும் தொடாமல்.